கொக்குக்கு வேட்டி கட்டலாமா? விலங்குப் படத்தோடு அரசியல் நையாண்டி விளம்பரம்: முழு வழிகாட்டி

பீகாரில் 2015 சட்டமன்றத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு நவம்பர் 5-ஆம் தேதி. அதற்கு முந்தைய நாள் காலையில் அங்கே இந்தி நாளிதழ்களைப் பிரித்தவர்கள் கண்ணில் பட்டது ஒரு பசு. ஒரு பெண் அதைக் கட்டியணைத்துக்கொண்டிருக்கும் படம். பக்கத்தில் மாட்டிறைச்சி பற்றி எதிரணியினர் பேசியதாகச் சில வரிகள். கூட்டாளிகள் இப்படிப் பேசுகிறார்களே, நீங்கள் ஏன் வாய் திறக்கவில்லை என்று நிதிஷ் குமாரைப் பார்த்து ஒரு கேள்வி. விளம்பரம் கொடுத்தது பாஜக. எதிரணியினர் புகாரோடு போனார்கள்; முன்சான்று, அதாவது வெளியிடும் முன்பே வாங்கும் ஒப்புதல், வாங்காத அரசியல் விளம்பரத்தைப் பத்திரிகைகள் அச்சிடக் கூடாது என்று தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. இன்று வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் பத்திரிகை விளம்பரத்துக்கு முன்சான்று கேட்கிறார்கள் என்றால், அதில் அந்தப் பசுவுக்கும் ஒரு பங்கு உண்டு.

அதை நையாண்டி என்று சொல்ல முடியாது. பசு அங்கே எதையும் கேலி செய்யவில்லை. வாசகரின் உணர்ச்சியைத் தொட மட்டுமே நின்றது. அந்த வகை விளம்பரம் செய்ய இந்த வழிகாட்டி உதவாது. ஒரு குடியிருப்போர் சங்கம், ஒரு வேட்பாளர், கட்சியின் ஊடகப் பிரிவில் இருக்கும் வடிவமைப்பாளர் என யாராக இருந்தாலும், சிரிக்க வைத்து யோசிக்கவும் வைக்கிற ஒரு விளம்பரத்தைப் பத்திரிகையில் கொண்டுவந்து, அப்புறம் நோட்டீஸ் வந்தாலும் தலைநிமிர்ந்து பதில் சொல்லும்படி செய்வதுதான் இதன் நோக்கம்.

முதல் படி: ஆளை விடுங்கள், செயலைப் பிடியுங்கள்

காகிதத்தில் ஒரே வாக்கியம் எழுதுங்கள். அதில் வினைச்சொல் இருக்க வேண்டும். "அவர் மோசமானவர்" என்பதை வைத்து எதுவும் வரைய முடியாது. "தேர்தலுக்குத் தேர்தல் கட்சி மாறினார்", "ஏரியை மீட்பேன் என்று சொல்லி மனை போட விட்டார்", "தலைவர் சொன்னதையே திருப்பிச் சொல்கிறார்" என்று எழுதினால் விலங்கு தானாக வந்து நிற்கும்.

மூன்றாவது வாக்கியத்துக்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் 1902-ல் ஆளுநர் தேர்தல். சாமுவேல் பென்னிபேக்கர் என்ற வேட்பாளரை பிலடெல்பியா நாளிதழ் ஒன்றில் சார்லஸ் நெலன் கிளியாக வரைந்தார். கட்சியைத் தன் கையில் வைத்திருந்த மாத்யூ குவே என்ற அரசியல்வாதி சொல்வதைத் திருப்பிச் சொல்பவர் என்பதுதான் குற்றச்சாட்டு. பென்னிபேக்கர் ஜெயித்துவிட்டார், ஆனால் கிளியை மறக்கவில்லை. 1903-ல், அரசியல்வாதிகளை மிருகமாகவோ பறவையாகவோ மீனாகவோ பூச்சியாகவோ வரையக் கூடாது என்று சட்டமன்றத்தில் ஒரு மசோதா வந்தது. உடனே வால்ட் மெக்டூகல் என்ற ஓவியர் தலைவர்களை மரமாகவும் காய்கறியாகவும் பீர்க் குவளையாகவும் வரைந்து தள்ளினார். மசோதாவில் காய்கறிக்குத் தடை இல்லையே. வேறு வடிவத்தில் ஓர் அவதூறுச் சட்டம் நிறைவேறி, 1907-ல் ரத்தானது. அந்தக் கிளி அத்தனை வலித்ததற்குக் காரணம், அது அவருடைய மூக்கைப் பற்றியோ நடையைப் பற்றியோ பேசவில்லை. அவர் செய்யும் காரியத்தைச் சொன்னது.

இந்தியத் தேர்தல் நடத்தை விதியும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. கட்சியின் கொள்கை, திட்டம், கடந்தகாலச் செயல்பாடு ஆகியவற்றை விமர்சிக்கலாம். பொதுவாழ்வோடு சம்பந்தமில்லாத சொந்த வாழ்க்கையைத் தொடக் கூடாது. ஆக, வினைச்சொல் இருக்கிறதா என்று பார்ப்பது ரசனைக்கான சோதனை மட்டும் அல்ல.

இரண்டாம் படி: விலங்கைத் தேர்ந்தெடுப்பது

பாதி வேலை இங்கேதான் முடிகிறது, பாதி விபத்தும் இங்கேதான் நடக்கிறது.

தமிழ் வாசகரிடம் ஏற்கெனவே ஒரு விலங்குப் பட்டியல் இருக்கிறது. விளம்பரம் அதை எடுத்துப் பயன்படுத்தினால் போதும். ஆடு நனைகிறதே என்று அழும் ஓநாய், பசுத்தோல் போர்த்திய புலி, அப்பத்தைப் பங்கிட வந்த குரங்கு, தன் வாயால் கெடும் தவளை, மீன்களை வேறு குளத்துக்குத் தூக்கிப் போகிறேன் என்று சொல்லித் தின்ற கொக்கு. பச்சோந்தியை மட்டும் கொஞ்ச நாள் ஓய்வில் விடலாம் என்பது என் கருத்து. கட்சி தாவல் என்றாலே பச்சோந்தி என்று வரைந்து வரைந்து, இப்போது அதைப் பார்த்தால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை. நரியும் தேய்ந்ததுதான். ஆனால் "நரி இடம் போனால் என்ன, வலம் போனால் என்ன, மேலே விழுந்து பிடுங்காமல் இருந்தால் சரி" என்ற பழமொழியைக் கூட்டணி பேரம் நடக்கும் நேரத்தில் பயன்படுத்தினால் இன்னும் உயிர் இருக்கிறது.

வீரத்துக்குப் பேர்போன விலங்கை எதிராளிக்குக் கொடுக்காதீர்கள். கொடூரத்தைக் காட்டுவதாக நினைத்துச் சிங்கமாகவோ காளையாகவோ வரைந்தால், அவருடைய தொண்டர்கள் அதை வெட்டி பிளக்ஸில் போட்டுக்கொள்வார்கள். புலிக்குத் தமிழில் ஈழப் போராட்டத்தின் பொருளும் சேர்ந்துவிட்டதால், அது எந்தப் பக்கம் பாயும் என்று உங்களால் கணிக்க முடியாது. கேலியை எதிராளியே எடுத்து அணிந்துகொள்வது அமெரிக்காவில் இரண்டு கட்சிகளுக்கும் நடந்தது. தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் ஹார்ப்பர்ஸ் வீக்லி என்ற இதழில் 1870-ல் செத்த சிங்கத்தை உதைக்கும் கழுதையாக ஜனநாயகக் கட்சி சார்பு ஏடுகளை வரைந்தார். 1874-ல் குடியரசுக் கட்சியின் ஓட்டுகளை மிரண்டுபோன யானையாக வரைந்தார். இன்று அந்தக் கழுதையும் யானையும் அந்தந்தக் கட்சிகளின் பெருமை.

அடுத்து, ஏற்கெனவே யாருக்கோ சொந்தமான விலங்குகள். காங்கிரஸ் ஒரு காலத்தில் இரட்டைக் காளையில் நின்றது. 1969 பிளவுக்குப் பிறகு இந்திரா காந்தியின் அணி பசுவும் கன்றும் சின்னத்துக்கு வந்தது; நெருக்கடி நிலைக் காலத்தில் பசு அம்மா, கன்று சஞ்சய் என்று நாடே கேலி பேசியது. சின்னமே நையாண்டியாக மாறிய அபூர்வமான சந்தர்ப்பம் அது, யாரும் காசு கொடுத்து விளம்பரம் போட வேண்டியிருக்கவில்லை. தமிழ்நாட்டில் 1989 சட்டமன்றத் தேர்தலில் அதிமுக இரண்டாக உடைந்தபோது ஜெயலலிதா அணிக்குச் சேவலும் ஜானகி அணிக்கு இரட்டைப் புறாவும் கிடைத்தன. பிரசாரத்தில் உயிருள்ள பிராணிகளைப் படுத்தியெடுத்ததால், தேர்தல் ஆணையம் பின்னர் புதிதாக விலங்கு, பறவைச் சின்னம் ஒதுக்குவதை நிறுத்திவிட்டது. பழையவை சில மட்டும் மிச்சம்: பகுஜன் சமாஜின் யானை, ஃபார்வர்டு பிளாக்கின் சிங்கம். அசாமில் யானை அசாம் கண பரிஷத்துடையது. 2024 ஆகஸ்டில் தமிழக வெற்றிக் கழகம் இரண்டு யானைகளுடன் கொடியை வெளியிட்டபோது பகுஜன் சமாஜ் எதிர்ப்புத் தெரிவித்ததை நினைவில் வையுங்கள். 2012 உத்தரப் பிரதேசத் தேர்தலின்போது மாயாவதி அரசு நிறுவிய கல் யானைகளைத் துணி போட்டு மூடச் சொன்னது ஆணையம். மூடிய யானை, திறந்திருந்ததைவிட அதிகமாகப் பேசப்பட்டது!

கடைசியாக, தொடவே கூடாதவை. நாய், பன்றி, எருமை, கழுதை, குரங்கு: இவை ஊர்ப்பேச்சில் சாதியையும் நிறத்தையும் மதத்தையும் குத்தப் பயன்பட்டவை. நீங்கள் என்ன நினைத்து வரைந்தாலும் வாசகர் அந்தப் பழைய குத்தலைத்தான் பார்ப்பார். குரங்கு அப்பம் பங்கிடும் கதைக்குள் நின்றால் பிழைக்கும். தனியாக ஒரு தலைவரின் முகத்தோடு நின்றால் பிழைக்காது. ஒரு சமூகத்தை மொத்தமாக எலி, கரப்பான்பூச்சி, கரையான் என்று காட்டுவது பற்றி இரண்டாம் பேச்சே கிடையாது. ருவாண்டாவில் 1994 இனப்படுகொலைக்கு முன் காங்குரா என்ற பத்திரிகை துட்சி மக்களைக் கரப்பான்பூச்சி என்றே எழுதிவந்தது. அதன் ஆசிரியரைப் பிறகு ஐநா தீர்ப்பாயம் தண்டித்தது. பெரிய ஓவியர்களும் வழுக்கியிருக்கிறார்கள். ஊழலைக் கிழித்த அதே நாஸ்ட், 1871-ல் கத்தோலிக்க ஆயர்களைக் கரையேறிக் குழந்தைகளை விழுங்க வரும் முதலைகளாக வரைந்தார். ஆயர்களின் கூம்புத் தொப்பியே முதலையின் திறந்த வாய். கோட்டுத் திறமைக்கு அதைவிட நல்ல உதாரணம் சொல்வது கஷ்டம், விஷத்துக்கும்தான்.

காலம் மாறினால் படத்தின் பொருளும் மாறும். அரசியல் சட்டம் எழுதி முடிக்கத் தாமதமானதைக் கேலி செய்து சங்கர் என்ற கேலிச்சித்திரக்காரர் 1949-ல் ஒரு படம் போட்டார்: நத்தை மேல் அம்பேத்கர், பின்னால் நேரு, கையில் சாட்டை. 2012-ல் அது என்சிஇஆர்டி பாடப்புத்தகத்தில் இருப்பது நாடாளுமன்றத்தில் வெடித்தது. மக்களவையில் பிரச்சினையை எழுப்பியவர்களில் தொல். திருமாவளவனும் ஒருவர். நத்தையைப் பற்றி யாரும் கோபப்படவில்லை. சாட்டை யார் முதுகை நோக்கி இருக்கிறது என்பதுதான் கேள்வியானது. உங்கள் படத்தில் விலங்கின் மேல் யார், கீழே யார், கயிறு யார் கையில் என்பதை, உங்கள் அலுவலகத்துக்கு வெளியே, வேறு சாதி, வேறு மதத்தைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள்.

மூன்றாம் படி: கதையைப் பாதியில் நிறுத்துங்கள்

ஒரு கற்பனை விளம்பரத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊர் ஏரி. மேம்பாடு என்ற பெயரில் கரையோரம் மனைகளாகிக்கொண்டிருக்கிறது, கரையில் குடியிருப்பவர்களை வேறிடத்துக்கு மாற்றுவதாக உறுதிமொழி. கொக்கும் நண்டும் கதை இதற்கென்றே செய்ததுபோல இருக்கும்.

கொக்கு கரையில் நிற்கிறது. அலகுக்கு மேலே தலைப்பு: "ஏரி வற்றப்போகிறது. ஏறிக்கொள்ளுங்கள்." மீன்கள் வரிசையில் நிற்கின்றன. வரிசையின் கடைசியில் ஒரு நண்டு, அதன் இடது கொடுக்கில், ஓட்டுப் போட்டவர் விரலில் வைப்பதுபோல, மையால் ஒரு சிறிய கோடு. அவ்வளவுதான் படம். நண்டு கழுத்தை நெரிக்கும் காட்சியை வரையாதீர்கள். முதலாவது, அது வன்முறையைத் தூண்டுவதாக யாராவது சொல்லலாம். இரண்டாவது, முடிவு வாசகருக்குத் தெரியும். அவரே முடித்துக்கொள்வதில்தான் சிரிப்பு இருக்கிறது. பழமொழியாக இருந்தாலும் இதே முறைதான். ஓநாய் அழுவதை எழுதிக் காட்ட வேண்டாம், நனைகிற ஆட்டுக்கு அது குடை பிடித்தால் போதும்.

படத்துக்குக் கீழே மூன்று வரி உண்மை: சர்வே எண், பரப்பு, எந்த அரசு ஆவணத்தில் அது ஏரி என்று பதிவாகியிருக்கிறது. இந்த மூன்று வரி இல்லாவிட்டால் படம் வெறும் சித்திரக்கதை. நையாண்டி மேலே, சான்று கீழே, கொடுத்தவர் பெயர் அடியில்.

இப்போது தலைப்பில் இருக்கும் கேள்வி. கொக்குக்கு வெள்ளை வேட்டி கட்டினால் அரசியல்வாதி என்று தெரியும், கட்டலாம். வேட்டிக் கரையில் வண்ணம் தீட்டினால் கட்சி தெரிந்துவிடும், அது நீங்கள் தெரிந்தே எடுக்க வேண்டிய முடிவு. (கறுப்பு வெள்ளை விளம்பரம் என்றால் கரைவேட்டி எந்தக் கட்சியுடையது என்று தெரியப்போவதில்லை. சில சமயம் அதுவே வசதி.) மஞ்சள் துண்டும் கறுப்புக் கண்ணாடியும் போட்டால் தமிழ்நாட்டில் குழந்தைக்கும் ஆள் தெரியும். பெயர் எழுதவில்லையே என்று பிறகு வாதாட முடியாது.

நான்காம் படி: செய்தித்தாள் காகிதத்துக்காக வரைவது

கணினித் திரையில் பளபளக்கும் படம் செய்தித்தாளில் சேறாகிவிடும். இந்தக் காகிதம் மையை உறிஞ்சும், புள்ளிகள் பரவும், பின்பக்க அச்சு லேசாகத் தெரியும். ரோமம் ரோமமாக வரைந்த நரி அச்சில் கறுப்புப் பொட்டலமாக வரும். தடித்த கோட்டோவியம்தான் பாதுகாப்பு. இறகை நாலு கோட்டில் காட்டுங்கள், வெற்றிடம் நிறைய விடுங்கள்.

கோப்பு சிஎம்ஒய்கே (அச்சகத்தின் நான்கு மை) நிறத்தில், படம் 200 டிபிஐ (அங்குலத்துக்கு 200 புள்ளி), நான்கு மைகளும் சேர்ந்து 240 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பெரும்பாலான அச்சகங்கள் ஏற்றுக்கொள்ளும். எழுத்து தனிக் கறுப்பில் மட்டும் இருக்கட்டும். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வைத்தால் தமிழின் சுழிகள் அடைத்துப்போகும், பெரிய எழுத்தாக வையுங்கள். ஒருமுறை சாதாரண பிரிண்டரில், கறுப்பு வெள்ளையில், உண்மையான அளவில் எடுத்து ஒரு கை தூரத்தில் பிடித்துப் பாருங்கள். நண்டின் கொடுக்கில் இருக்கும் மை தெரியாவிட்டால் விளம்பரமே இல்லை.

செயற்கை நுண்ணறிவில் படம் செய்பவர்களுக்கு: பிரசாரத்தில் அப்படிப்பட்ட படங்களுக்கு அடையாளம் போட வேண்டும் என்று 2025 ஜனவரியில் தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்தியிருக்கிறது. உயிருள்ள விலங்கை வைத்துப் புகைப்படம் எடுக்கும் யோசனையைக் கைவிடுங்கள். அனுமதிகளுக்கு அலைவதைவிட வரைவது சுலபம், பிராணிக்கும் நல்லது.

ஐந்தாம் படி: வக்கீலிடம் எடுத்துப்போகும் முன்

"விலங்கைத்தானே வரைந்தோம்" என்பது சட்டத்தில் எடுபடாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு அவதூறைப் பற்றியது. சொல், எழுத்தோடு கண்ணுக்குத் தெரியும் சித்திரிப்பும் அதில் அடங்கும். கிண்டலாகச் சொன்னாலும் அவதூறாகலாம் என்று அதன் விளக்கமே சொல்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 499-லும் இதே வரி இருந்தது. நையாண்டிக்காரர்கள் இதை மேசைக்கு எதிரே ஒட்டிவைத்துக்கொள்ளலாம்.

பொது நன்மைக்காகச் சொன்ன உண்மை, பொதுப் பணியில் இருப்பவரின் நடத்தை பற்றி நல்லெண்ணத்தோடு சொன்ன கருத்து ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. நக்கீரன் தொடர்பான ராஜகோபால் வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், பொது ஊழியர்களின் அலுவல் சார்ந்த செயல்கள் பற்றிய எழுத்துக்கு நல்ல பாதுகாப்புக் கொடுத்தது. அதாவது மீண்டும் வினைச்சொல். தேர்தல் சமயத்தில் இன்னொன்றும் சேரும்: வேட்பாளரின் சொந்த நடத்தை பற்றிப் பொய் என்று தெரிந்தே சொல்வது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(4)-ன்படி ஊழல் நடவடிக்கை, ஜெயித்தவரின் பதவியே போகலாம்.

சான்று கையில் இல்லாமல் எண்ணைப் போடாதீர்கள். 2023 கர்நாடகத் தேர்தலில் பாஜக அரசின் ஊழலுக்கு "விலைப்பட்டியல்" என்று காங்கிரஸ் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்தது; ஆதாரத்தைக் காட்டுங்கள் என்று ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது, அவதூறு வழக்கும் வந்தது.

தேசியச் சின்னங்கள் தனி வம்பு. அசீம் திரிவேதி என்ற ஓவியர், அசோகச் சின்னத்தின் சிங்கங்கள் இருந்த இடத்தில் ஓநாய்களை வரைந்தார். 2012 செப்டம்பரில் தேசத்துரோக வழக்கில் கைதானார். எதிர்ப்பு கிளம்பியதும் அந்தப் பிரிவைக் கைவிட்டார்கள். 2015-ல் மும்பை உயர் நீதிமன்றம், அரசை விமர்சிக்கும் படங்களுக்கு அந்தப் பிரிவை இஷ்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று நெறிமுறை வகுத்தது. கடைசியில் அவர் பக்கம்தான் நியாயம் நின்றது. ஆனால் அவர் ஓவியர். நீங்கள் பணம் கட்டி விளம்பரம் கொடுப்பவர். அரசுச் சின்னத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்க 2005-ன் தனிச் சட்டமும் இருக்கிறது. சிங்கங்களை விட்டுவிடுங்கள்.

ஆறாம் படி: பத்திரிகை அலுவலகமும் சான்றும்

கட்டணம் சதுர சென்டிமீட்டர் கணக்கு. 16-க்கு 25 என்றால் 400 சதுர செ.மீ., ஏறக்குறைய கால் பக்கம். விலை 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 1,20,000. ஜிஎஸ்டி 5 சதவீதம் சேர்த்து 1,26,000. ஏரி ஒரு மாவட்டத்தில் இருந்தால் அந்தப் பதிப்பில் மட்டும் போடுங்கள். அரசியல் விளம்பரத்துக்குப் பொதுவாக முழுப் பணத்தையும் முன்கூட்டியே கேட்பார்கள். பத்திரிகைக்கு மறுக்கும் உரிமை உண்டு, அதனால் கடைசி நாளில் போய் நிற்காதீர்கள். "விளம்பரம்" என்ற சொல் மேலே தெளிவாக இருக்கட்டும். செய்திபோல வேஷம் போட்டால் காசுக்குப் போட்ட செய்தி என்ற கணக்கில் மாட்டும். பிழைதிருத்துபவரிடம் ஏரி, ஏறி இரண்டும் வேண்டுமென்றே என்று எழுதிக் கொடுங்கள்.

எதிர்ப் பக்கத்தில் என்ன வருகிறது என்றும் கேட்டுப் பாருங்கள். உறுதி தர மாட்டார்கள். ஆனாலும் கொக்கு விளம்பரத்துக்கு நேர் எதிரே அதே தலைவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து முழுப் பக்கம் வருவது தமிழ்நாட்டில் சர்வசாதாரணமாக நடக்கக்கூடியது.

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல் காலம் என்றால், வாக்குப்பதிவு நாளிலும் முந்தைய நாளிலும் வரும் விளம்பரத்துக்கு ஊடகச் சான்றளிப்பு, கண்காணிப்புக் குழுவின் முன்சான்று வேண்டும். வெளியாகும் தேதிக்குக் குறைந்தது இரண்டு நாட்களுக்கு முன் விண்ணப்பியுங்கள். ஒரு வேட்பாளர் ஜெயிக்க உதவும் விளம்பரத்தை அவருடைய எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் போடுவது சன்ஹிதாவின் 176-வது பிரிவில் குற்றம். அனுமதியோடு போட்டால் அவர் செலவுக் கணக்கில் ஏறும்; தமிழ்நாட்டில் சட்டமன்ற வேட்பாளரின் உச்சவரம்பு 40 லட்சம் ரூபாய், மக்களவைக்கு 95 லட்சம். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அங்கே போய்த் தனியாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஏழாம் படி: வெளிவந்த காலை

அச்சான பக்கத்தை முழுசாக, தேதியும் பதிப்பும் தெரியும்படி மூன்று நான்கு பிரதி எடுத்து வையுங்கள். ரசீது, முன்சான்று, மூன்று வரிக்கான ஆவண நகல்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். நோட்டீஸ் வந்தால் படத்தை விளக்கிக் கட்டுரை எழுத வேண்டாம். எந்தச் செயலைச் சொன்னோம், அதற்கு எது ஆவணம் என்ற இரண்டுக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். எதிர்த்தரப்பு உங்களுக்கு ஒரு விலங்கைக் கொடுத்து மறுநாள் பதில் விளம்பரம் போட்டால், அது நல்ல படமாக இருந்தால், சிரித்துவிட்டு விடுங்கள். இரண்டாவது விளம்பரத்துக்குப் பணம் இருந்தால், இந்த முறை படம் வேண்டாம், ஏரியின் சர்வே எண்ணை மட்டும் பெரிதாகப் போடுங்கள்.